அலுமினிய இன்டர்லாக் பலகை சேனலில் இறங்கவில்லை, அவசரம்

தேரடிக்காரன் | பகல் 12:10
வணக்கம். அலுமினியத்தில் மறைப்பு வேலி போடுகிறோம். இரண்டு போஸ்ட்டிலும் சேனல் (U வடிவப் பள்ளச் சட்டம்) அடித்து, மேலிருந்து ஒவ்வொரு பலகையாக இறக்கினால் ஒன்றுக்குள் ஒன்று லாக் ஆகிற மாடல். ஆறு பலகை வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஏழாவது வாயிலேயே நிற்கிறது. ரப்பர் சுத்தியலால் தட்டினால் ஒரு முனை இறங்குகிறது, மறுமுனை சிக்கிக்கொள்கிறது. இதற்குள் கீழே போட்டதெல்லாம் நடுவில் தொப்பை போட்டுவிட்டது. ஒரு இடத்தில் லாக்கே விட்டுப்போச்சு. கடையில் கேட்டால் "சரியாத்தான் சார் குடுத்தோம்" என்கிறார்கள். ஆள் நாளைக்கு வேறு வேலைக்குப் போகிறாராம். சீக்கிரம் சொல்லுங்கள்.

பலகைச்சட்டம் | 12:24
பலகை நீளம் எவ்வளவு? சேனலுக்குச் சேனல் உள்ளளவு எவ்வளவு? கீழே, நடுவே, மேலே மூன்று இடத்திலும் அளந்து போடுங்கள். சேனல் ஆழம் என்ன? எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள்?

பச்சை மாடி | 12:31
மாடியா, தரையா? மாடி என்றால் பேசாமல் பச்சை நெட் கட்டிவிடுங்கள். காற்றும் வரும், மறைப்பும் ஆச்சு. செடிக்கும் நல்லது.

ரசமட்டம் | 12:40
தம்பி, பலகையில் ஒன்றும் இல்லை. போஸ்ட் தூக்கு இல்லாமல், செங்குத்தாக இல்லாமல் நிற்கிறது, அவ்வளவுதான் சமாசாரம். தூக்குக்குண்டு என்று ஒரு பொருள் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். வீடியோ பார்த்து வேலி கட்டக் கிளம்பினால் இப்படித்தான் மதியத்தில் வந்து அவசரம் என்று கேட்க வேண்டியிருக்கும். போட்டோ போடுங்கள், பார்த்தே சொல்கிறேன்.

தேரடிக்காரன் | 12:52
மாடிதான். திருவொற்றியூர். பக்கத்தில் மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள், ஜன்னல் நேராக எங்கள் மொட்டை மாடியைப் பார்க்கிறது. வீட்டில் துணி காயப்போடக் கூச்சப்படுகிறார்கள். நெட் ஏற்கெனவே கட்டி, காற்றில் கிழிந்து, அதற்கப்புறம்தான் இது. பலகை 1800 மி.மீ., கடையிலேயே வெட்டிக் கொடுத்தது. பத்துப் பலகை, ஒவ்வொன்றும் 150 மி.மீ. அகலம். காபி கலர் பவுடர் கோட்டிங். போஸ்ட் 50க்கு 50 எம்எஸ் (சாதாரண இரும்பு) பைப், பேஸ் பிளேட் வைத்து கைப்பிடிச் சுவர் மேல் ஆங்கர் போல்ட். போட்டோ ஏறவில்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் | 1:05
என்ன ஸ்க்ரூ போட்டீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே. திருவொற்றியூர் என்றால் கடற்காத்து நேராக அடிக்கும். சாதாரண முலாம் பூசிய செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போட்டிருந்தால் அடுத்த மழைக்குள் ஒவ்வொரு தலைக்கும் கீழே துரு ஒழுகி நிற்கும். இரும்பு போஸ்ட்டில் அலுமினிய சேனல் நேராக ஒட்டியிருப்பது இன்னும் மோசம். உப்பு ஈரம் நடுவில் நின்றால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். இடையில் ரப்பர் ஷீட்டோ பிவிசி பட்டையோ கொடுங்கள். ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ் (சாதாரண 304 ரகத்தைவிட உப்புக்காற்றைத் தாங்கும்), தலைக்கு நைலான் வாஷர்.

புதுவண்ணை | 1:09
304 போதாதா? 316 என்று சொல்லிச் சொல்லியே கடைக்காரன் இரண்டு மடங்கு வாங்குகிறான்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் | 1:15
ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஓரம் 304 போட்ட கேட், கிரில் எல்லாம் போய்ப் பாருங்கள். டீக்கறை மாதிரி பழுப்பு படிந்திருக்கும். உடைந்து விழாது, ஆனால் அழகு போயிடும்.

பலகைச்சட்டம் | 1:20
தேரடிக்காரன், உள்ளளவு இன்னும் வரவில்லை. எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள் என்பதும் வரவில்லை. மீதிப் பலகைகள் இப்போது எங்கே கிடக்கின்றன?

தேரடிக்காரன் | 1:38
உள்ளளவு கீழே 1803, நடுவே 1802, மேலே 1801. சேனல் ஆழம் 25. காலையில் வெயிலுக்கு முன்னாடி ஆரம்பித்தோம். பத்தரைக்கு மேல் சிக்க ஆரம்பித்தது. மீதிப் பலகை மாடியிலேயே தட்டோட்டின் மேல் அடுக்கி வைத்திருக்கிறது.

ரசமட்டம் | 1:41
நான் சொன்னேனா இல்லையா? கீழே 1803, மேலே 1801. கைப்பிடிச் சுவர் மேல்பூச்சு மழைத்தண்ணி வடிய உள்பக்கம் சாய்வாகத்தான் இருக்கும், நீளவாக்கிலும் ஒரே மட்டமாக இருக்காது. அதன் மேல் பிளேட்டை அப்படியே வைத்து முறுக்கினால் போஸ்ட் சாயாமல் என்ன செய்யும்? கழற்றி, கீழே தகடு கொடுத்து மட்டம் பார்த்து மறுபடி நிறுத்துங்கள். பிரச்சினை முடிந்தது.

பலகைச்சட்டம் | 2:05
ரசமட்டம் சார், ஐந்தடி உயரத்துக்கு இரண்டு மி.மீ. சாய்வு எல்லா வேலையிலும் வருவதுதான். அது மட்டும் காரணம் என்றால் முதல் பலகையே மேலே நுழைந்திருக்காது. காலையில் அதே வாய் வழியாக ஆறு இறங்கியிருக்கிறது.

இது வெயில் பண்ணுகிற வேலை. அலுமினியம் மீட்டருக்கு, ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும், சுமார் 0.23 மி.மீ. நீளும். இரும்பும் கான்கிரீட்டும் ஏறக்குறைய அதில் பாதிதான். இப்போது கத்திரி. விடியலில் பலகை 30 டிகிரியில் இருந்திருக்கும். காபி கலர், தட்டோட்டின் மேல் கிடந்தது, உச்சி வெயிலில் 65 டிகிரி தொட்டிருக்கும். 35 டிகிரி வித்தியாசத்துக்கு 1.8 மீட்டர் பலகை ஒன்றரை மி.மீ. நீளும். அதாவது 1801½. உங்கள் மேல் உள்ளளவு 1801. எப்படி இறங்கும்? உள்ளே இருக்கிற ஆறும் நீளப் பார்க்கின்றன. கீழே மிஞ்சுகிற இடமும் சொற்பம்தான், முனை சேனலில் இறுகி நகர முடியாமல் நின்றால் நடுவில் உப்பும். உப்பினால் லாக் விட்டுப்போகும்.

நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரு பலகையில் குறி போட்டு, ராத்திரி முழுக்க வீட்டுக்குள் வைத்து, விடியலில் அளங்கள். அதே பலகையை மதியம் வெயிலில் அளங்கள். டேப்பை நிழலில் வைத்திருங்கள், எஃகு டேப்பும் சூட்டில் கொஞ்சம் நீளும்.

புதுவண்ணை | 2:11
ஒன்றரை மி.மீ.க்கு இவ்வளவு கதையா? எங்கள் வீட்டு அலுமினிய ஜன்னல் எத்தனையோ கத்திரியைப் பார்த்துவிட்டது, ஒரு நாளும் சிக்கியதில்லை.

பலகைச்சட்டம் | 2:16
ஜன்னல் கதவு டிராக்கில் இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் செய்கிறார்கள். அந்த இடம் இங்கே இல்லை என்பதுதான் விஷயமே.

நாக்கு மேலே | 2:30
யாரும் கேட்காத கேள்வியைக் கேட்கிறேன். பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? பள்ளம் மேலே பார்த்து இருந்தால் மழைத்தண்ணி அதிலேயே நிற்கும், மாடித் தூசியும் சேர்ந்து சேறாகும், அப்புறம் உள்ளிருந்து அரிக்கும். எப்போதும் நாக்கு மேலே, பள்ளம் கவிழ்ந்து. கீழ் சேனலில் தண்ணி வடிய ஓட்டை போட்டீர்களா? தலைகீழாகப் போட்டதால்தான் சிக்குகிறது என்று நினைக்கிறேன்.

பலகைச்சட்டம் | 2:34
நாக்கு மேலே இருக்க வேண்டும் என்பது சரி. வடிகால் ஓட்டையும் அவசியம். ஆனால் சிக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாக்கு மேலே | 2:36
இருக்கலாம். எதற்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரசமட்டம் | 3:02
சரி, வெயில் என்றே வைத்துக்கொள்வோம். பலகை இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் கை தட்டுகிறீர்கள். இவர் போஸ்ட்டை எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று யாராவது படித்தீர்களா? கைப்பிடிச் சுவர் மேல்! நாலரை அங்குலச் செங்கல் சுவர்!

காற்றுச் சுமைக்கு ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி என்று ஓர் இந்தியத் தரவிதி இருக்கிறது, பெயராவது தெரிந்துகொள்ளுங்கள். அதில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம். இவர் பலகைச் சுவர் 1.8க்கு 1.5, 2.7 சதுர மீட்டர். ஒரு கட்டத்துக்கு 400 கிலோ. இடைவெளியே இல்லாத இன்டர்லாக், காற்று புகுந்து போக வழி கிடையாது. அந்த 400 கிலோவும் சுவருக்கு மேல் இரண்டரை அடி உயரத்தில் பிடித்துத் தள்ளுகிறது. நாலு ஆங்கரும் செங்கலைப் பெயர்த்துக்கொண்டு கீழே தெருவில் போய் விழும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலன்று வடசென்னையில் எத்தனை ஷீட் பறந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

தேரடிக்காரன் | 3:20
அப்போ போஸ்ட்டை எங்கே நிறுத்துவது?

ரசமட்டம் | 3:24
சுவரின் உள்பக்கமாகக் கீழே இறக்கி, தளத்தில் பிளேட் வைத்து கான்கிரீட்டில் ஆங்கர். பின்னால் ஒரு முட்டு. இதுகூடத் தெரியாமல்.

ஒழுகல் நிபுணன் | 3:33
ஐயோ, தளத்தில் டிரில் போடாதீர்கள்! தட்டோடு, அதற்குக் கீழே செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அதற்குக் கீழேதான் கான்கிரீட். இதையெல்லாம் துளைத்து ஆங்கர் போட்டால் தண்ணி இறங்கும். ஜல்லிக்குள் எங்கெங்கோ ஓடி, ஓட்டை ஒரு பக்கம் இருக்கும், ஒழுகுவது பூஜை அறையில் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ரசமட்டம் | 3:37
கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பிப் பிடிக்கிற போல்ட்) போட்டு, சுற்றி சீலன்ட் அடித்தால் ஒழுகாது. ஊரெல்லாம் சோலார் ஸ்டாண்டு எப்படி நிற்கிறது?

ஒழுகல் நிபுணன் | 3:41
அதில் ஒழுகுகிற வீடுகளுக்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ரசமட்டம் | 3:44
ஒழுகினால் உங்களுக்கு வேலை. விழுந்தால் கீழே போகிறவன் தலை.

பச்சை மாடி | 3:50
நெட் கட்டியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் | 4:15
இரண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நம்ம பக்கம் பாதி வீட்டில் அடுத்த மாடி கட்டலாம் என்று பில்லர் கம்பியை மாடியில் நீட்டி விட்டிருப்பார்கள். அந்தக் கான்கிரீட் பில்லர் தலை கைப்பிடிச் சுவரோடு சேர்ந்து நிற்கும். போஸ்ட்டை அதன் பக்கவாட்டில் மேலும் கீழும் இரண்டு கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம். தளத்தைத் துளைக்க வேண்டாம், செங்கலையும் நம்ப வேண்டாம். பில்லருக்குப் பில்லர் பத்து, பன்னிரண்டு அடி இருக்கும், அதனால் நடுவில் ஒரு போஸ்ட்டுக்கு மட்டும் உள்பக்கம் முட்டு வேண்டியிருக்கும். அந்த முட்டுக்குத் தளத்தின் மேலேயே கான்கிரீட் கட்டை ஊற்றிக்கொள்ளலாம். உயரத்தையும் ஒரு பலகை, இரண்டு பலகை குறைத்தால் நல்லது. கட்டை எவ்வளவு கனம், போஸ்ட் தாங்குமா என்பதையெல்லாம் நேரில் ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்லட்டும். தேரடிக்காரன், உங்கள் மாடியில் பில்லர் கம்பி இருக்கிறதா?

இன்னொன்று: பேஸ் பிளேட்டைச் சுற்றி சிமென்ட் பூசும்போது சேனலின் அடி அதில் புதைய விடாதீர்கள். ஈர சிமென்ட்டின் காரம் அலுமினியத்தைத் தின்னும்.

புதுவண்ணை | 4:22
கார்ப்பரேஷனில் கேட்காமல் இவ்வளவு உயரம் எழுப்பலாமா?

ரசமட்டம் | 4:25
புது இழை திறந்து கேளுங்கள்.

பலகைச்சட்டம் | 8:45
சண்டை ஓய்ந்ததால் பலகைக்கு வருகிறேன். ஆள் கிளம்புவதற்குள் சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பலகையையும் 1794க்கு வெட்டுங்கள். மேல் உள்ளளவு 1801 என்றால் மொத்தம் 7 மி.மீ. இடம். பலகையை நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் மூன்றரை கிடைக்கும். சேனல் ஆழம் 25 என்பதால் பலகை 20க்கு மேல் உள்ளே உட்கார்ந்திருக்கும், கழன்று வராது. ஒரே பக்கமாக நகர்ந்துவிடாமல் இரு முனையிலும் சின்ன மெத்தென்ற ரப்பர் துண்டு வையுங்கள். ராத்திரிக் காற்றில் கடகடவென்று சத்தம் வருவதும் அதில் நிற்கும். பலகையைச் சேனலோடு சேர்த்து ஸ்க்ரூவோ ரிவெட்டோ அடிக்காதீர்கள். இரண்டு முனையும் கட்டினால் மறுபடி தொப்பைதான்.

இரும்பு அறுக்கும் கட்டிங் வீலால் வெட்ட விடாதீர்கள். அலுமினியம் கல்லில் அப்பிக்கொள்ளும், இரும்புத் தூள் ஒட்டினால் அதுவும் துருவாகத் தெரியும். அலுமினியத்துக்கென்று பல் பிளேடு இருக்கிறது. வெட்டிய முனையில் விரல் வைத்துப் பாருங்கள், பிசிறு கீறும். அரத்தால் இழைத்து எடுங்கள். அந்தப் பிசிறு சேனல் உள்பக்கப் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டிக்கொண்டேதான் இறங்கும். அதற்கே பாதிப் பலகை சிக்கும். வெட்டிய இடத்தில் அதே கலர் டச்அப் பெயின்ட்.

வேலையைக் காலையில் பாருங்கள், மீதிப் பலகையை நிழலில் வையுங்கள். லாக் விட்டுப்போன பலகையின் உதடு வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்த வேண்டாம், புதிதாக மாற்றுங்கள்.

தேரடிக்காரன் | மறுநாள் மாலை 5:50
விடியலில் 1800, மதியம் 1801½. அப்படியே இருந்தது. 1794க்கு வெட்டிப் பிசிறு எடுத்தோம். பத்தும் கையாலேயே இறங்கிடுச்சு, இப்போது தொப்பை இல்லை. நாக்கு மேலேதான் இருக்கிறது. நன்றி.

ரசமட்டம் | 6:02
போஸ்ட்?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் | 6:10
பில்லர் கம்பி இருக்கிறதா என்று கேட்டேனே.

ரசமட்டம் | இரண்டு நாள் கழித்து
ஆளைக் காணோம். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தப் போஸ்ட்டை மாற்றவில்லை என்றால் மேல் பாதிப் பலகையையாவது உருவி எடுத்து வையுங்கள் தம்பி. லாக் மாடலில் அது ஒன்றுதான் வசதி, மேலிருந்து உருவினால் வந்துவிடும்.

மணலி மாமா | அடுத்த வாரம்
எங்களுக்கும் இதே மாதிரி காம்பவுண்டுக்கு வேண்டும். பாரிமுனைப் பக்கம் இந்த செக்ஷன் கிலோ என்ன விலை சொல்கிறார்கள்?

பலகைச்சட்டம்
எத்தனை அடி நீளம், எவ்வளவு உயரம், கடலிலிருந்து எவ்வளவு தூரம்?