தரையில் அமர்ந்து பாடுபவரைப் பதிவு செய்ய உறுதியான மைக் ஸ்டாண்ட் எது? பூம் கை மெல்லச் சரிந்துவிடுகிறது

ஆரையம்பதி ரீச்சர் எழுதியது:

வணக்கம். எங்கள் ஊரில் வடமோடிக் கூத்துப் பழக்கும் முதிய அண்ணாவியார் ஒருவருடைய கூத்துப் பாடல்களான தருக்களையும் விருத்தங்களையும், அவர் குரல் திடமாக இருக்கும்போதே ஒழுங்காக ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும் என்று நானும் என்னுடைய பழைய மாணவர்கள் சிலரும் முயன்று வருகிறோம். பதிவு எங்கள் வீட்டின் பெரிய அறையில் நடைபெறுகிறது. தரை சீமெந்து, அதன்மேல் பாய். அண்ணாவியார் சம்மணமிட்டு அமர்ந்து, மத்தளத்தை மடிக்கு முன்னால் கிடத்தித் தாமே அடித்துக்கொண்டு பாடுவார். சல்லரி என்னும் தாளம் போடுபவரும் பிற்பாட்டுக்காரரும் அதே பாயில் அமர்ந்திருப்பார்கள்.

எங்களிடம் இருப்பது பெரிய டயஃப்ரம் கொண்ட கண்டென்சர் மைக். அதையும், அதை அதிராமல் பிடிக்கும் ஷொக் மவுண்ட், மூச்சுக்காற்றைத் தடுக்கும் பொப் ஃபில்டர் ஆகியவற்றையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்தபோது ஏறத்தாழ 750 கிராம் இருந்தது. ஸ்டாண்ட், மேடைப் பாடகர்கள் பாவிக்கும் சாதாரண முக்காலி வகை. தண்டின் மேல் குறுக்காகப் பூட்டும் பூம் கையை 75 சென்ரிமீற்றர் அளவுக்கு நீட்டித்தான் மைக்கை அண்ணாவியாரின் வாய்க்கு நேரே கொண்டுவர முடிகிறது. ஆனால் ஒரு நீண்ட தரு முடிவதற்குள் கை மெல்லச் சரிந்து, மைக் மத்தளத்தை நெருங்கிவிடுவதால், தொடக்கத்தில் குரல் முன்னும் முடிவில் மத்தளம் முன்னுமாகப் பதிவாகிறது. கையை இறுக்கும் குமிழை இன்னும் திருகினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும் போலிருக்கிறது. இது போதாதென்று, யாராவது தாளத்துக்குத் தொடையிலோ தரையிலோ தட்டினால் அந்த அதிர்வும் தாழ்ந்த ஒலியாக உள்ளே வந்துவிடுகிறது.

இருப்பதைவிடப் பாரமான முக்காலி ஒன்றை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வட்டமான வார்ப்பிரும்பு அடித்தட்டு உள்ள குட்டை வகை ஒன்றையும் காட்டினார். வெல்டிங் கடையில் செய்விக்கலாம் என்பது என் தம்பியின் யோசனை. இவற்றில் எது எங்கள் தேவைக்குப் பொருந்தும் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கல்முனை ஒலிப்பதிவாளர் எழுதியது:

ரீச்சர், கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. உங்களிடம் இரண்டு வேறு குறைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஸ்டாண்ட் முழுவதும் கவிழப் பார்ப்பது ஒன்று, கை மூட்டில் வழுக்குவது மற்றொன்று. அடித்தட்டின் பாரம் முதலாவதற்கு மட்டுமே மருந்து. பத்துக் கிலோ ஸ்டாண்டாக இருந்தாலும் மூட்டு வழுக்கினால் மைக் கீழே வரும்.

மூட்டுக்கு வரும் சுமையை, தொங்கும் பாரத்தையும் கையின் நீளத்தையும் பெருக்கிக் கணக்கிட வேண்டும். 0.75 கிலோவை 75 செ.மீ. தூரத்தில், கை கிடையாக இருக்கும்படி பிடித்தால் 56 கிலோ-சென்ரிமீற்றர் வருகிறது. கையின் சொந்தப் பாரம் இதற்குமேல். அதே மைக்கை 35 செ.மீ. தூரத்தில் வைத்தால் 26 தான், அதாவது பாதிக்கும் குறைவு. மேடை ஸ்டாண்டுகள் பெரும்பாலும் 300 கிராம் அளவுள்ள கை மைக்குகளை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. ஷுவர் எஸ்எம்58 மைக் 298 கிராம், எஸ்எம்57 இன்னும் சற்றுக் குறைவு. நீங்கள் தொங்கவிட்டிருப்பது அதைப்போல் இரண்டரை மடங்கு.

கவிழ்வதைப் பற்றியும் ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன், ஏனெனில் பலரும் இதைக் கவனிப்பதில்லை. முக்காலியின் ஒவ்வொரு காலும் நடுவிலிருந்து 34 செ.மீ. நீண்டிருந்தாலும், இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள திசையில் அதன் தாங்கும் எல்லை 17 செ.மீ. மட்டுமே, சரியாகப் பாதி. மூன்று கிலோ ஸ்டாண்டில் பூம் கை இரண்டு கால்களுக்கு நடுவே நீண்டிருந்தால், அந்த எல்லையைத் தாண்டி நீளும் தூரத்தை மைக்கின் பாரத்தால் பெருக்க, கவிழ்க்கும் சுமை 43.5 என்றும், எல்லையை ஸ்டாண்டின் பாரத்தால் பெருக்க, தடுக்கும் சுமை 51 என்றும் வரும். கையின் பாரத்தையும் சேர்த்தால் அந்தச் சிறு வித்தியாசமும் போய்விடும். கையை ஒரு காலுக்கு நேர் மேலாகத் திருப்பினாலோ, கவிழ்க்கும் சுமை 31, தடுக்கும் சுமை 102. செலவில்லாத திருத்தம் இது. இப்போதே செய்து பாருங்கள். அதோடு, பெரும்பாலான ஸ்டாண்டுகளில் குமிழ் உங்களைப் பார்த்திருக்கும்போது மைக் உங்கள் வலப்பக்கம் இருந்தால், கை சரிய முயலும் திசையும் குமிழ் இறுகும் திசையும் ஒன்றாகிவிடும். இடப்பக்கம் இருந்தால் மைக்கின் பாரமே குமிழைத் தளர்த்தும்.

புதிதாக வாங்குவதாயின், அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் மூட்டைப் பாருங்கள். குமிழும் மூட்டுக் கூடும் உலோக வார்ப்பாக இருக்க வேண்டும், உள்ளே அகலமான உராய்வுத் தட்டு இருக்க வேண்டும், தேய்ந்த பாகத்தைத் தனியாக வாங்கி மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 1949 இல் ஜேர்மனியின் வேர்ட்ஹைம் நகரில் தொடங்கப்பட்ட கூனிக் அண்ட் மேயர் நிறுவனத்தின் 210/9 மாதிரி பல ஒலிப்பதிவுக் கூடங்களில் காணப்படுவதற்குக் காரணம் இதுதான். ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள முக்காலி அது, அப்படியொன்றும் பெரிய பாரமில்லை.

காரைதீவு வாசகர் எழுதியது:

மேலே ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 210/9 போன்ற உயரமான ஸ்டாண்ட் இந்த வேலைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அதன் நிமிர்ந்த தண்டு ஆகக் குறைந்தது 90 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும். தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவரின் வாய் அதற்குக் கீழே, சுமார் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆகவே மூட்டு எப்போதும் வாயைவிட உயரத்தில் இருக்கிறது. ஸ்டாண்டின் விரிந்த கால்கள் பாயில் இருப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பதால் அதைத் தள்ளி வைக்கிறீர்கள். தள்ளி வைத்ததால் கையை முழுவதும் நீட்டுகிறீர்கள். ரீச்சருடைய 75 செ.மீ. இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

மத்தளம் குறுக்காகக் கிடப்பதால் அதன் இரு தலைகளும் இடமும் வலமுமாக இருக்கின்றன, அடிப்பவரின் கைகளும் பக்கங்களில்தான் இயங்குகின்றன. நேர் முன்புறம் வெறுமையாக இருக்கிறது. குட்டையான ஸ்டாண்ட் ஒன்றை மத்தளத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினால், மத்தளத்தின் பருமனைத் தாண்டி எட்டுவதற்கு 30 அல்லது 35 செ.மீ. கை போதும். மேலும், கண்டென்சர் மைக்கின் பின்பக்கம் ஒலியைக் குறைவாக வாங்கும் கார்டியாயிட் அமைப்பில் இருந்தால், மைக்கை வாய்க்குச் சற்றுக் கீழே வைத்து மேல்நோக்கிச் சாய்க்கலாம். அப்போது அதன் முதுகு மத்தளத்தைப் பார்த்திருக்கும். மேலிருந்து கீழ்நோக்கி வைத்தால் மைக்கின் முகமே மத்தளத்தைப் பார்க்கிறது. கை சரியச் சரிய மத்தளம் பதிவில் மிகுதியாக விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனவே கடைக்காரர் காட்டிய வட்ட அடித்தட்டுக் குட்டை வகையே என் தெரிவு. 25 செ.மீ. விட்டமும் நாலரைக் கிலோ பாரமும் உள்ள தட்டில், 35 செ.மீ. கையில் உங்கள் மைக்கைத் தொங்கவிட்டால், கவிழ்க்கும் சுமை 17, தடுக்கும் சுமை 56. தாராளமாக நிற்கும். ஆனால் அதே தட்டில் 75 செ.மீ. கையைப் பூட்டினால் 47க்கு 56 ஆகி, வயரில் யாராவது கால் தட்டுப்பட்டாலே சாய்ந்துவிடும். வட்டத் தட்டும் நீண்ட கையும் ஒருபோதும் சேரக் கூடாது.

தரை அதிர்வைப் பற்றி: ஸ்டாண்டைப் பாயின்மேல் வைக்காதீர்கள். எல்லோரும் அமர்ந்திருக்கும் பாயில் ஒருவர் அசைந்தாலும் அந்த இழுவை தண்டு வழியாக ஏறும். பாய்க்கு வெளியே வெறும் சீமெந்தில் தடித்த ரப்பர் துண்டு போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். மெல்லிய முக்காலியின் கீழ் ரப்பர் போட்டால் அது ஆட்டம் காணும். பாரமான வட்டத் தட்டின் கீழ் போட்டால், பாரமும் ரப்பரும் சேர்ந்து அதிர்வை நன்றாகவே தடுத்துவிடும். வயரையும் மைக்கிலிருந்து விறைப்பாக இழுத்துவிடாமல், ஒரு வளையம் தளர விட்டுத் தண்டின் அடியில் கட்டுங்கள். மைக்கிலுள்ள தாழொலி வெட்டும் சுவிட்சைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அது மத்தளத்தின் இடந்தலைக் கனத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஆரையம்பதி ரீச்சர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கையை ஒரு காலுக்கு மேலாகத் திருப்பியதும் ஸ்டாண்ட் அசையாமல் நிற்கிறது. மைக்கை வலப்பக்கத்துக்கு மாற்றியதில் சரிவும் மெதுவாகியிருக்கிறது, ஆனால் முற்றாக நிற்கவில்லை. குட்டை வகையையே வாங்கலாம் என்று தோன்றுகிறது. எனினும் என் தம்பி வெல்டிங் யோசனையை விடுவதாக இல்லை. பழைய வாகனமொன்றின் பிரேக் தட்டு வீட்டில் கிடக்கிறதாம், அதில் குழாய் ஒன்றைப் பற்றவைத்தால் போதும் என்கிறார். மைக்கைத் திருகிப் பூட்டும் மரைக்கு இங்கே என்ன வாங்க வேண்டும்? பழைய ஸ்டாண்டின் மூட்டைச் சீர்செய்யவும் வழி உண்டா? சல்லரிக்கும் பிற்பாட்டுக்கும் ஒரு சிறிய மைக்கை அதில் மாட்டலாம் என்று எண்ணுகிறேன்.

அக்கரைப்பற்று லேத் வேலைக்காரர் எழுதியது:

ரீச்சர், உங்கள் தம்பியின் யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். பிரேக் தட்டு வார்ப்பிரும்பு, பாரமும் போதும், நடுவில் துளையும் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் பிடிக்காது, ஆறும்போது வெடிப்பு விழும். எனவே குழாயின் அடியில் ஓர் இரும்புத் தகட்டைப் பற்றவைத்து, அந்தத் தகட்டைத் தட்டிலுள்ள துளைகளில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

மரையில்தான் பலரும் காசை வீணாக்குகிறார்கள். மைக் ஸ்டாண்டுகளில் இரண்டு அளவுகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 27 மரை. மற்றொன்று 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. ஐரோப்பிய ஸ்டாண்டுகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. இரும்புக்கடையில் 5/8 போல்ட் கேட்டால் 11 மரை உள்ளதைத் தருவார்கள், அது மைக் பிடியில் ஏறவே ஏறாது. குழாய்ச் சாமான் கடையில் 3/8 என்று கேட்டாலோ நீர்க்குழாய் மரையைத் தருவார்கள். பெயர் 3/8 ஆனாலும் அதன் வெளிவிட்டம் 16 மில்லிமீற்றருக்கும் மேல். நீங்கள் வாங்க வேண்டியது 3/8 அங்குல, 16 மரை சாதாரண போல்ட், அதன் விட்டம் ஒன்பதரை மில்லிமீற்றர். அதைக் குழாயின் நுனியில் நிமிர்த்திப் பற்றவைத்து, 3/8 இலிருந்து 5/8க்கு மாற்றும் சிறு பித்தளை அடாப்டரை இசைக்கருவிக் கடையில் வாங்கிப் பூட்டினால், இரண்டு வகைப் பிடிகளும் பொருந்தும். திருமண வீடியோ எடுப்பவர்களின் லைட் ஸ்டாண்டுகள் பலவற்றிலும் இதே 3/8 மரை இருப்பதால், அவசரத்துக்கு அவர்களிடம் ஒன்றை இரவல் வாங்கி, கால்களின் மேல் மணல் மூட்டை போட்டும் வேலையை முடிக்கலாம். கடற்கரை மணலை மட்டும் போடாதீர்கள், அதிலுள்ள உப்பு கால்களைத் தின்றுவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும்: அடித்தட்டை நாங்கள் செய்து தரலாம், கைமூட்டைச் செய்து தர முடியாது. வெறும் போல்ட்டும் நட்டும் போட்டுச் செய்த மூட்டு, உங்களிடம் இப்போது இருப்பதைவிட விரைவில் வழுக்கும். ஆகவே தட்டும் தண்டும் வீட்டுச் செய்கையாக இருக்கட்டும், குட்டைப் பூம் கையை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

பழைய மூட்டைப் பொறுத்தவரை, குமிழை முழுவதும் கழற்றி உராய்வுத் தட்டைப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணெய் படிந்து வழவழப்பாகியிருக்கும். துரு பிடிக்கிறதென்று யாரோ எண்ணெய் விட்டிருப்பார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் ஊரில் தண்டுக்கு எண்ணெய் பூசித் துடைப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் மூட்டுக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. மருந்துக்கடையில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கித் துடைத்து, உலர்ந்த பின் பூட்டிப் பாருங்கள். வொஷர் தேய்ந்து போயிருந்தால் அதே அளவில் ஃபைபர் வொஷர் ஒன்றை எந்த லேத் கடையிலும் வெட்டித் தருவார்கள்.

கல்முனை ஒலிப்பதிவாளர் எழுதியது:

லேத் அண்ணன் சொன்னதே சிக்கனமான வழி. கையின் பின்பக்கம் எதிர்ப்பாரம் மாட்டும் இடம் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். மூட்டிலிருந்து 20 செ.மீ. பின்னால் ஒன்றேகால் கிலோ தொங்கினால், முன்னால் 35 செ.மீ. தூரத்திலுள்ள உங்கள் மைக்கை அது ஏறத்தாழச் சமன் செய்துவிடும். குமிழுக்கு அதிக வேலை இராது. பொப் ஃபில்டரை வேறொரு சிறு தண்டில் மாட்டினால் பாரம் இன்னும் குறையும்.

பூம் கை வாங்கப் போகும்போது ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் கயிறும் எடுத்துச் செல்லுங்கள். கையைக் கிடையாக நிறுத்தி, குமிழைக் கைவிரலால் மட்டும் இறுக்கி, நுனியில் போத்தலைத் தொங்கவிட்டுக் கால் மணி நேரம் கடைக்காரருடன் பேசிக்கொண்டிருங்கள். போத்தல் ஒரு விரற்கடை இறங்கினாலும் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.