கோவிலூர் மேட்டில் டால் ஃபெஸ்கியூ விதைக்கலாமா?

கோவிலூர் தட்டுநிலம்:
கேரளத்து இடுக்கி மலையில், வட்டவடைப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது. கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரங்களை வெட்டி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு தானாகப் படர்ந்த கிக்குயு புல்லில்தான் ஆறு கலப்பின மாடுகளும் மேய்கின்றன. இப்போது புல் தரையோடு தரையாகிவிட்டது. உறைபனி விழுந்தால் கருகிப்போகிறது. தை, மாசியில் வைக்கோலுக்கு உடுமலைக்கு வண்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. என் அக்கா மகன் அமெரிக்காவில், கென்டக்கியில் இருக்கிறான். அங்கே டால் ஃபெஸ்கியூ என்ற புல் கடுங்குளிரிலும் பச்சையாக நிற்கிறதாம், வேர் ஆழமாம், மாடு மிதித்தாலும் தாங்குமாம். ஊருக்கு வரும்போது பத்து கிலோ விதை கொண்டுவருகிறேன் என்கிறான். நிலத்தை உழுது புரட்டிவிட்டு இதை விதைக்கலாம் என்றிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போடிமெட்டு:
வேண்டாம் ஐயா. கால்நடைத் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மருமகப்பிள்ளை அந்தப் புல்லின் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 1931இல் கென்டக்கியில் ஒரு மலைப் பண்ணையில் கண்டெடுத்து, 1943இல் ‘கென்டக்கி 31’ என்று வெளியிட்ட புல் அது. பார்க்கப் பசுமை, ஆனால் அதைத் தின்ற மாடுகள் தேறவில்லை. வெயிலில் மூச்சிரைத்து, நாளெல்லாம் குட்டையில் போய் நின்றன. பால் குறைந்தது, சினை பிடிக்கவில்லை. குளிர்காலத்தில் சில மாடுகளுக்குக் குளம்பும் வால் நுனியும் அழுகின. புல்லுக்குள்ளேயே ஒரு பூஞ்சை குடியிருக்கிறது என்பது 1970களில்தான் தெரியவந்தது. இலையில் புள்ளி இருக்காது, கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அது சுரக்கும் எர்கோவாலின் என்ற நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய்க்காக விதையை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழித்துவிடுவார்கள் நம் பெரியவர்கள். அந்த நோயைத் தரும் பூஞ்சைக்கு இது பங்காளி. இதையா காசு கொடுத்து மேட்டில் விதைக்கப் போகிறீர்கள்?

உடுமலை வேளாண்மை:
போடிமெட்டு ஐயாவின் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் கதை 1970களோடு முடியவில்லை. அந்தப் பூஞ்சை ஒரு செடியிலிருந்து பக்கத்துச் செடிக்குத் தொற்றாது. விதை வழியாக மட்டுமே போகும். அதனால் பூஞ்சை இல்லாத விதையை உருவாக்கினார்கள். மாடு தேறியது, புல் செத்தது. வறட்சியையும் பூச்சியையும் தாங்கும் பலத்தைக் கொடுத்ததே அந்தப் பூஞ்சைதான்! பிறகு, மாட்டுக்கு நஞ்சாகாத பூஞ்சை வகையைத் தேர்ந்தெடுத்துச் செடிக்குள் புகுத்திய ரகங்கள் 2000ஐ ஒட்டி விற்பனைக்கு வந்தன. ஆகவே எந்த ரகம் என்று கேளுங்கள் ஐயா, புல்லையே தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் உழுது விதைக்கும் திட்டம் தவறு. கிக்குயு ஓடுதண்டால் பரவுவது. கலப்பை வெட்டிய துண்டுகளில் கணு உள்ளதெல்லாம் முளைக்கும். நீங்களே நாற்று நட்டதுபோல ஆகிவிடும். அமெரிக்காவில் நச்சுப் புல்லை மாற்றுகிறவர்கள் கதிர் வருவதற்கு முன்பே களைக்கொல்லியால் கொல்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு பருவம் அடர்ந்து வளரும் தீவனப் பயிரை விதைத்து மூச்சுமுட்ட வைக்கிறார்கள். மீண்டும் ஒருமுறை கொன்றுவிட்டுத்தான் புதுவிதை. பழைய வயலில் மேய்ந்த மாட்டை மூன்று நாள் வேறு தீனியில் நிறுத்திய பிறகே புது நிலத்துக்குள் விடுகிறார்கள், சாணத்தில் விதை வந்துவிடும் என்பதற்காக. நம் மேட்டில் அடர்பயிராக ஓட்ஸ் போடலாம்.

கம்பம் பட்டி:
இரண்டு பேரும் புல்லைப் பற்றியே பேசுகிறீர்கள், மாட்டின் வாயைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்று ஏக்கரில் ஆறு மாடு, வேலி இல்லை, வருடம் முழுவதும் ஒரே மேய்ச்சல். எந்தப் புல் நிற்கும்? இளந்துளிர் வந்த மறுநாளே கடித்தால் வேரில் சேமிப்பு ஏது? ஃபெஸ்கியூவைக்கூட நான்கு விரற்கடைக்குக் கீழே மேய விடாதே என்றுதான் அந்த ஊரிலும் சொல்கிறார்கள். இன்றைய பழக்கத்தோடு புதுவிதை போட்டால், மூன்றாம் வருடம் இதே கேள்வியை இங்கே மறுபடியும் கேட்பீர்கள் அண்ணா.

நான் செம்மறி வைத்திருக்கிறேன். மாமியார் காலத்தில் மண் தெரிந்த நிலத்தை ஆறு பாத்தியாகப் பிரித்தேன். ஒன்றில் மேய்ச்சல், ஐந்துக்கு ஓய்வு. இரண்டு மழைக்காலத்தில் கொழுக்கட்டைப் புல் தானாக எழுந்தது. ஒரு கிலோ விதைகூட வாங்கவில்லை. உங்கள் உயரத்துக்கு வெள்ளைக் குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி வரும். முதலில் மண் பரிசோதனை செய்து, புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு போட்டு, குட்டையாக மேய்ந்த கிக்குயுவுக்குள் குளோவர் விதையைத் தூவுங்கள். தழைச்சத்தை அதுவே தேடிக்கொள்ளும். மேய்ச்சலில் குளோவர் பாதிக்கு மேல் போகவிடாதீர்கள், மாட்டுக்கு வயிறு உப்பும்.

போடிமெட்டு:
அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கென்டக்கிக்காரர்களும் நச்சைத் தணிக்கக் குளோவரைத்தான் ஃபெஸ்கியூவுக்குள் கலக்கிறார்கள். இன்னொன்று: விதையைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதி வேண்டும். உங்கள் ஊரை ஒட்டியே 2006இல் அறிவித்த குறிஞ்சிமலைச் சரணாலயம் இருக்கிறது. வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தையும் நல்லதுக்கு என்றுதான் நட்டார்கள். இன்று அது புல்வெளியை விழுங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உடுமலை வேளாண்மை:
பெட்டி விதை வேண்டாம் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஓய்வு கொடுத்தால் மட்டும் போதும் என்பதை ஏற்க மாட்டேன். ஓய்வில் இருக்கும் கிக்குயுவும் பனியில் கருகத்தான் செய்யும். தை மாதம் ஆறு மாடும் எதைத் தின்னும்? கம்பத்தில் பனி விழுவதில்லை அக்கா.

கம்பம் பட்டி:
விழுவதில்லைதான். அதற்கு அரை ஏக்கரில் ஓட்ஸ் போடட்டும், அறுத்துப் போடட்டும். மூன்று ஏக்கரையும் களைக்கொல்லியில் குளிப்பாட்ட வேண்டியதில்லை. சரிவு நிலம், தம்பி. வேர் செத்த நேரத்தில் ஒரு ஐப்பசி மழை பெய்தால் மண் கீழ்த்தட்டுக்காரரின் பூண்டு வயலில் போய்ச் சேரும்.

உடுமலை வேளாண்மை:
அதனால்தான் உழ வேண்டாம் என்கிறேன். செத்த வேரும் ஒரு பருவம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டை பட்டையாக, வருடத்துக்கு அரை ஏக்கராக மாற்றலாம். நல்ல குளிர்காலப் புல் இல்லாமல் அந்த மேட்டில் பால் மாடு கட்டுப்படியாகாது. இதில் நான் மாறவில்லை.

கோவிலூர் தட்டுநிலம்:
எல்லோருக்கும் நன்றி. மருமகனை அழைத்து விதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டை ஒட்டிய அரை ஏக்கர் சமதளத்தில் ஓட்ஸ், மீதியை ஐந்தாகப் பிரித்து வேலி. உடுமலைத் தம்பியின் குளிர்காலப் புல்லை அடுத்த வருடம் பார்க்கலாம். மண்ணை நாளை பரிசோதனைக்கு எடுத்துப் போகிறேன். கம்பம் தங்கச்சி, நடுவேலிக்கு ஒற்றைக் கம்பி போதுமா? என் செவலை எதையும் தாண்டிவிடுவாள்.