இமேஜுக்கு 777 போட்டால் போதுமா?

காரைக்குடியான்: நேற்று இங்கே ஒருவர் அருளியது: "விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) டிஸ்க் இமேஜ் (அதற்கு வட்டாக இருக்கும் கோப்பு) சேர்க்கும் முன் பெர்மிஷன் பார்ப்பது வெட்டி வேலை. இமேஜுக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடு, முடிந்தது." என்ன முடிந்தது? அது கிடக்கும் ஹோம் அடைவில் மற்றவர்களுக்கு எக்ஸ், அதாவது உள்ளே நுழையும் அனுமதி, இல்லையே. உபுண்டு லினக்ஸ் 21.04 முதல் புது ஹோம் அடைவுகள் 750, அதாவது உரிமையாளரும் அவர் குழுவும் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வெர்ட்டின் சிஸ்டம் இணைப்பில், அவற்றை ஓட்டும் கியூஇஎம்யூ ஓடுவதோ வேறொரு தனிப் பயனராக. முகப்பையே தாண்டாதவனுக்கு இரண்டாங்கட்டு அறை திறந்திருந்து என்ன பயன்?

தேவகோட்டை_தம்பி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். என் இமேஜ் ஹோமில்தான் இருக்கிறது. ஜோராக ஓடுகிறது.

காரைக்குடியான்: ஓடும். நீங்கள் க்னோம் பாக்ஸஸ் (விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் எளிய செயலி) ஆள். அது செஷன் இணைப்பு, உங்கள் பயனராகவே ஓடும். சிஸ்டம் இணைப்பில் ஓட்டிக் காட்டுங்கள். எக்ஸ் வேண்டும்.

பள்ளத்தூர்_பேரன்: அண்ணே, லிப்வெர்ட் தானாகவே இமேஜின் உரிமையாளரை மாற்றிவிடுமே? அப்புறம் என்ன சோதனை?

காரைக்குடியான்: கோப்பை மாற்றும் தம்பி, மேலே உள்ள அடைவுகளைத் தொடாது. நேம்ஐ -எல் கட்டளை போட்டுப் பாருங்கள், பாதையின் ஒவ்வொரு படியும் தெரியும். சூடோ எல்எஸ் (ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, கோப்புப் பட்டியல் பார்க்கும் கட்டளை) போட்டுவிட்டு "எனக்குத் தெரிகிறதே" என்று வராதீர்கள். ரூட்டுக்கு எல்லாம் தெரியும். எக்ஸ்!

தேவகோட்டை_தம்பி: சோதித்து முடித்த மறுநொடி யாராவது அனுமதியை மாற்றினால்? திறந்து பார், வராவிட்டால் பிழையைச் சொல். அதுதான் ஒழுங்கான நிரல். இது கல்லூரியிலேயே சொல்லித் தருவார்கள், போயிருந்தால்.

காரைக்குடியான்: அந்தப் பிழையில் இமேஜின் பெயரும் "பெர்மிஷன் டினைட்" என்பதும்தான் இருக்கும். எந்த அடைவு மறித்தது என்று வராது. அதைப் பார்த்துத்தானே நீங்கள் இமேஜுக்கு 777 போட்டு ஊருக்கே திறந்துவிடுகிறீர்கள்! லிப்வெர்ட்டுக்கான சாளர நிரலான விர்ட்-மேனேஜர் முன்கூட்டியே சோதித்து, இந்தப் பாதையில் நுழைய அனுமதி இல்லை, சரிசெய்யவா என்று கேட்கிறது. கையால் செய்வதென்றால் செட்எஃப்ஏசிஎல் கட்டளை கொண்டு, கியூஇஎம்யூ ஓடும் அந்த ஒரு பயனருக்கு மட்டும் எக்ஸ்.

ஃபெடோரா_புதுவயல்: எக்ஸ் எக்ஸ் என்று காது புளித்துவிட்டது. எக்ஸ் கொடுத்த பிறகும் எஸ்ஈலினக்ஸ் (ஃபெடோராவில் உள்ள கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) மறித்தால் மறித்ததுதான். உபுண்டுகாரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

காரைக்குடியான்: உங்களை யார் கூப்பிட்டது? எஸ்ஈலினக்ஸை அணைத்துவிடச் சொல்லிப் போன வருடம் இங்கே பாடம் எடுத்ததே நீங்கள்தான்.

ஃபெடோரா_புதுவயல்: பெர்மிசிவ் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) என்றேன். அணைக்கச் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தால் படியுங்கள்.

தேவகோட்டை_தம்பி: முகப்பு, இரண்டாங்கட்டு என்றெல்லாம் பேசுகிறார். அவர் வீட்டுத் தேக்குத் தூண்கள் இப்போது எந்த ஓட்டலில் நிற்கின்றன என்று கேளுங்கள்.

காரைக்குடியான்: தூண் பங்காளிகளுக்குப் பொது. விற்றது நானில்லை. எக்ஸுக்குப் பதில் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்_பேரன்: இமேஜை லிப்வெர்ட்டின் சொந்த இமேஜஸ் அடைவிலேயே வைத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லையே, அண்ணே?

காரைக்குடியான்: அது இருக்கும் என் ரூட் பார்ட்டிஷனில் (இயங்குதளம் கிடக்கும் டிஸ்க் பகுதி) இடமில்லை. நீங்கள் டிஸ்க் வாங்கித் தருகிறீர்களா?

தேவகோட்டை_தம்பி: டிஸ்க் இருக்கட்டும். சோதித்த மறுநொடி அனுமதி மாறினால் என்ன என்று நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, ஐயா.