மறு: பிரேக், ஸ்க்ராட்ச் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஹிப்ஹாப் டிஜே (இசைத்தட்டுகளைக் கையால் ஓட்டி இசை செய்பவர்) கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இழை இது. இதுவரை வந்த பரிந்துரைகள்:

> பிரேக் – முறிவு (அல்லது இடைவேளை)
> ஸ்க்ராட்ச் – கீறல்
> டிஜே – தட்டிசைஞர்

மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது போல் இருக்கிறது. அந்த ஆள் கையால் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டுச் சொல் தேடலாமே.

முதலில் பிரேக். ‘முறிவு’ என்றதும் புத்தூர்க் கட்டுதான் நினைவுக்கு வரும். ‘இடைவேளை’ என்றால் ஓசையே நின்றுவிட்டதாக ஆகிவிடும். நடப்பது அதுவல்ல. அந்தக் கால ஃபங்க், சோல் (அமெரிக்கக் கறுப்பின இசை வகைகள்) இசைத்தட்டுகளில் குரல், கிட்டார், ஊதுகருவிகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் சில நொடிகள் ஓடும் இடம் ஒன்று வரும். அதுதான் பிரேக். ஜமைக்காவிலிருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸுக்கு வந்த டிஜே கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று 1520, செட்ஜ்விக் அவென்யூ அடுக்ககத்தில் தன் சகோதரி நடத்திய விருந்துக்குத் தட்டு போட்டார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடுவது அந்த நாளைத்தான். அந்த சில நொடிகளுக்காகத்தான் கூட்டம் காத்திருக்கிறது என்று கண்டுகொண்டவர் ஹெர்க். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்தத் துண்டையே மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். பிரேக்குக்கு ஆடும் பையன்களை பி-பாய் என்பார்கள், அதிலுள்ள ‘பி’ இந்த பிரேக்தான். முறிவு என்று வைத்துவிட்டால் அந்தப் பையன்களை என்னவென்று அழைப்பீர்கள்?

நம்மிடம் கச்சேரி மேடையிலேயே இதற்கு நெருங்கிய சொல் இருக்கிறது: தனி. பாடகரும் வயலினும் ஓய, மிருதங்கமும் கடமும் மட்டும் பேசும் இடம். (சபாவில் தனி தொடங்கியதும் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போவார்கள், பிராங்க்ஸில் அப்போதுதான் நடுவில் வந்து ஆடினார்கள். அது வேறு கதை.) தனியாவர்த்தனம் மேடையிலேயே விரிவது, பிரேக் தட்டில் பதிந்து கிடக்கும் சிறு துண்டு என்று யாராவது மறுப்பு சொல்வீர்கள். நியாயம்தான். அதனால்தான் வெறும் ‘தனி’ வேண்டாம், ‘தாளத்தனி’ என்று வைப்போம் என்கிறேன்.

ஃப்ளாஷுக்கு வருவோம். இயற்பெயர் ஜோசப் சாட்லர், 1958இல் பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். ஹெர்க் ஊசியைக் கண்ணளவாக வைப்பார். தட்டு மாறும்போது தாளம் இடறும். ஃப்ளாஷுக்கு அது பொறுக்கவில்லை. தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டார். தாளத்தனி ஓடி முடிவதற்குள் அந்தக் கோடு எத்தனை தடவை சுற்றி வருகிறது என்று எண்ணிக்கொண்டு, அத்தனை சுற்றுத் தட்டைப் பின்னால் தள்ளினால் தனியின் தலைக்கு ஊசி வந்துவிடும். அதற்குள் பக்கத்துச் சுழல்மேசையில் (டர்ன்டேபிள்) மற்றப் பிரதி ஓடிக்கொண்டிருக்கும். பேக்ஸ்பின் என்பது இதுதான். ‘பின்சுழற்று’ போதும், மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்குத் தட்டு கைக்கு லேசாக நழுவ வேண்டும், அடியிலுள்ள மேசையோ நிற்காமல் சுழல வேண்டும். மேசையோடு வரும் ரப்பர் விரிப்பு தட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அவருடைய அம்மா தையல் தெரிந்தவர், அதனால் துணி வகைகள் ஃப்ளாஷுக்கும் பழக்கம். ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு, விறைப்பாகும் வரை இஸ்திரி போட்டு ரப்பருக்குப் பதிலாக வைத்தார். ஸ்லிப்மேட்டுக்கு ‘நழுவுவிரிப்பு’ என்று ஏற்கனவே ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு என் ஓட்டு.

அடுத்து ஸ்க்ராட்ச். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாம் யாரைச் சொல்கிறோம்? சொன்னதையே சொல்பவரை. யோசித்துப் பார்த்தால், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது பின்சுழற்றின் வேலை, ஸ்க்ராட்சின் வேலையல்ல. போதாததற்கு, கீறல் என்றாலே தட்டு கெட்டுவிட்டது என்று பொருள். ஸ்க்ராட்சை முதலில் செய்தவர் ஃப்ளாஷிடம் பயின்ற கிராண்ட் விஸார்ட் தியோடர். அப்போது 12, 13 வயதுப் பையன். அறையில் தட்டு ஓடும்போது அம்மா வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் திட்ட, தட்டைக் கையால் பிடித்து நிறுத்தியதாகவும், பிடித்த கை முன்னும் பின்னும் அசைந்ததில் எழுந்த ஓசை பிடித்துப்போனதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். ஊசி இருந்த இடத்திலேயே இருக்கிறது, தட்டுதான் அதனடியில் போய்வருகிறது. எனவே ‘உரசல்’. இரண்டு பேருக்குள் உரசல் என்ற பொருளும் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ‘தட்டில் உரசினார்’ என்று எழுதினால் யாரும் சண்டை என்று நினைக்கப்போவதில்லை.

கட்டுரையின் உள்ளடக்கம் பற்றியும் ஒன்று. வரைவில் 1982இல் வந்த ‘தி மெசேஜ்’தான் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது. அட்டையில் ஃப்ளாஷ் பெயர் இருந்தாலும் அந்தப் பாட்டில் அவர் கைவேலை கிட்டத்தட்ட இல்லை. முக்கியமாக, ராப் பாடிய மெல்லி மெல், டியூக் பூட்டி இருவருடையது. அவர் யார் என்று காட்ட வேண்டுமானால் முந்தைய ஆண்டு வந்த ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்ற ஏழு நிமிடத் தட்டைச் சொல்லுங்கள். பிறர் தட்டுகளைச் சுழல்மேசைகளில் ஓட்டியே செய்த பதிவு அது. தாளத்தனி, பின்சுழற்று, உரசல் மூன்றுக்கும் எடுத்துக்காட்டு அதிலேயே கிடைக்கும். 2007இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரும் அவருடைய ராப் குழுவான ஃப்யூரியஸ் ஃபைவும் சேர்ந்தது, ஹிப்ஹாப்பிலிருந்து அங்கே போன முதல் குழு என்பதெல்லாம் ஒரு வரியில் போதும்.

தட்டிசைஞர் என்பதைத் தட்டி இசைப்பவர் என்றும் படிக்கலாம், தவில்காரருக்குப் போய்விடும். கல்யாண மண்டப பேனரிலேயே ‘டிஜே’ என்று போட்டாகிவிட்டது. அப்படியே விட்டுவிடுவோம்.

கிராஸ்ஃபேடருக்கு (ஒரு தட்டின் ஓசையிலிருந்து மற்றதற்கு மாற, மிக்ஸரில் தள்ளும் விசை) மட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒலி மிக்ஸரில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், உங்களுக்குள் அதை என்னவென்று சொல்லிக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள்.