மிருதங்கத்தின் தொப்பி கேட்கவில்லை: ஸ்பீக்கரைச் சோதிக்க எந்தப் பதிவுகள்?

மேற்கு மாம்பலம்:

வணக்கம். போன மாதம் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஊஃபர், அதாவது கீழ் சுரங்களுக்கான பெரிய கூம்பு, ஆறரை அங்குலம். விற்றவர் வீட்டு ஹாலில் அரை மணி நேரம் கேட்டேன். எழுந்து வரவே மனசில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்பீக்கர் ஒயர் மட்டும் ரிச்சி தெருவில் புதிதாக வாங்கினேன்.

வீட்டில் மாட்டிய நாளிலிருந்து ஏதோ குறைகிறது. சின்ன வயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். வகுப்பு தொடங்கும் முன் ரவையைப் பிசைந்து தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் இடப் பக்கத் தோலின், நடுவில் அப்புவது என் வேலை. அந்தத் தொப்பி எப்படிப் பேசும் என்று என் கைக்கே தெரியும். இந்த ஸ்பீக்கரில் வலப் பக்கத் தோலான வலந்தலை தெளிவாகக் கேட்கிறது, தொப்பியைக் காணோம். பாடகரின் குரலும் அறை முழுக்கப் பரவிக் கிடக்கிறது. எங்கே உட்கார்ந்து பாடுகிறார் என்றே தெரியவில்லை. பாஸ் குமிழை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன், கட்டில்தான் அதிர்ந்தது. அறை பத்தடிக்குப் பத்தடி, கூரையும் ஏறக்குறைய பத்தடி.

சிஸ்டத்தைச் சோதிக்க என்று இணையத்தில் தேடினால் வரும் பட்டியல்கள் எல்லாம் ஆங்கிலப் பாட்டு. நல்ல பாட்டுகள்தான், ஆனால் அவை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நம் இசையில் எந்தப் பதிவுகளை வைத்துச் சோதிக்கலாம்? குறை பதிவிலா, ஸ்பீக்கரிலா, அறையிலா என்று எப்படிப் பிரிப்பது?

அண்ணா நகர்:

ஈகிள்ஸ் குழு 1994இல் மேடையில் வாசித்த ஹோட்டல் கலிபோர்னியாவைப் போடுங்கள். தொடக்கத்தில் வரும் தோல்வாத்திய அடி வயிற்றில் இடித்தால் ஊஃபர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆடியோ கடைகளில் அதைத்தான் போட்டுக் காட்டுவார்கள்.

மயிலாப்பூர்:

அண்ணா நகர் நண்பர் சொன்னது நல்ல பதிவு, மறுப்பில்லை. ஆனால் கடையில் அதைப் போடுவதற்குக் காரணமே, அது அநேகமாக எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகக் கேட்கும் என்பதுதான். சோதனைக்கு வேண்டியது குறையைக் காட்டிக்கொடுக்கும் பதிவு. அதற்கு, உள்ளே ஒலிக்கும் வாத்தியம் நேரில் எப்படி இருக்கும் என்று உங்கள் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பிக்கு மிருதங்கம் தெரிகிறது. அதைவிடப் பெரிய கருவி வேறு வேண்டாம்.

ஒரு பதிவை வைத்து எல்லாவற்றையும் சோதிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. உங்களுக்கு முதல் கேள்வி, குரல் நடுவில் நிற்கிறதா என்பது. அதற்கு ஸ்டீரியோ பதிவே வேண்டாம், பழைய மோனோ பதிவு போதும். கர்நாடக சங்கீதப் பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியம் 1965இல் மறைந்தவர்; அவர் கச்சேரிகளாக நமக்குக் கிடைப்பவை மோனோ. மோனோவில் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே சமிக்ஞை போகிறது. ஆகவே இரண்டுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தால் குரல், வயலின், மிருதங்கம் எல்லாமே நட்ட நடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில், ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: பழைய மோனோவை எதிரொலி சேர்த்து ஸ்டீரியோ மாதிரி ஆக்கி வெளியிட்டவையும் உண்டு. அவற்றை எடுக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள், சந்தேகமே வேண்டாம்.

இன்று இரவு இதை மட்டும் செய்துவிட்டு எழுதுங்கள். பாஸ் குமிழை நடுவில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

மேற்கு மாம்பலம்:

செய்தேன் சார். மோனோ பொத்தான் இருக்கிறது. ஜி.என்.பி. குரல் நடுவில் இல்லை. இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம், வலது சுவர் ஓரம் கொஞ்சம் என்று எங்கெங்கோ இருக்கிறது. தலையை லேசாக அசைத்தால் குரலும் இடம் மாறுகிறது. ஒன்று விசித்திரமாக இருந்தது: ஒரு ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் கேட்டால் தொப்பி வருகிறது! இரண்டையும் சேர்த்தால் காணாமல் போகிறது.

வில்லிவாக்கம்:

இது ஒயர் மாறியிருக்கும் கேஸ் தலைவரே. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் தலைகீழ். ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது. பாஸ் அலை நீளமானது, அதனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மேல் சுரங்களில் அந்த அளவு தெரியாது. அதனால்தான் வலந்தலை கேட்கிறது, தொப்பி போய்விட்டது.

மேற்கு மாம்பலம்:

அதை முதல் நாளே பார்த்தேன் அண்ணா. ஆம்ப்ளிஃபயரில் சிவப்புக்குத் தாமிர நிற இழை, கறுப்புக்கு வெள்ளி நிற இழை. இரண்டு ஸ்பீக்கரிலும் அப்படியேதான். இப்போது டார்ச் அடித்து மறுபடியும் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

வில்லிவாக்கம்:

கண்ணை நம்ப வேண்டாம், பேட்டரியை நம்புங்கள். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று எடுங்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஒயரை முழுக்கக் கழற்றிவிடுங்கள், இது முக்கியம். ஸ்பீக்கர் பக்கம் அப்படியே இருக்கட்டும். சிவப்புக்குப் போகிற இழையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று சத்தம் வரும். வலையைக் கழற்றிவிட்டு ஊஃபரைப் பாருங்கள். முன்னால் வந்தால் சரி. உள்ளே போனால் அந்த வழியில் எங்கோ மாறியிருக்கிறது. மேல் சுரங்களுக்கான சின்ன ட்வீட்டரைப் பார்க்காதீர்கள், சில ஸ்பீக்கர்களில் அதை வேண்டுமென்றே தலைகீழாக இணைத்திருப்பார்கள்.

மேற்கு மாம்பலம்:

கண்டுபிடித்துவிட்டேன்!

வலது ஊஃபர் முன்னால் வந்தது. இடது உள்ளே போனது. ஒயரைத் தடவிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் போனேன். இடப் பக்கத்துக்கு ஒயர் நீளம் போதாமல் நடுவில் ஒரு துண்டு சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தேன். டேப்பைப் பிரித்தால் தாமிர இழையை வெள்ளி இழையோடு முறுக்கியிருக்கிறேன். இரண்டு முனையிலும் நிறம் சரி, நடுவில் தப்பு.

மாற்றி முறுக்கிவிட்டு அதே ஜி.என்.பி. பதிவைப் போட்டேன். குரல் சட்டென்று நடுவில் வந்து உட்கார்ந்தது, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டருக்கு நேராக. தொப்பி வந்துவிட்டது. மணிக்கட்டை அழுத்தித் தேய்க்கும்போது வருகிற அந்தக் கும்கி, கீழிருந்து மேலே வளைந்து வருவது அப்படியே கேட்டது. இரவு இரண்டு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை.

இப்போதுதான் முதல் கேள்வியைச் சரியாகக் கேட்க முடிகிறது. ஸ்பீக்கர் எந்த அளவு நல்லது என்று பார்க்க என்ன கேட்கட்டும்?

மயிலாப்பூர்:

சந்தோஷம் தம்பி. இனி மிருதங்கத்தையே கொஞ்சம் ஆழமாகக் கேளுங்கள். சாதாரணத் தோல்வாத்தியத்தில் மேல் சுரங்கள் ஒழுங்கில்லாமல் சிதறும், அதனால் சுருதி தெளிவாக நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இருக்கும் கறுப்புப் பூச்சுதான் அந்த மேல் சுரங்களை இசைக்கு இசைவாக வரிசைப்படுத்துகிறது. சர் சி.வி. ராமன் 1920லேயே 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். ஆகவே ஒவ்வொரு சாப்பு அடியிலும் உங்களுக்கு ஆதார சுரமான ஸட்ஜம் கேட்க வேண்டும். வெறும் 'டக்' என்று தட்டல் மட்டும் கேட்டால் நடு ஸ்தாயி சரியில்லை. அடி கேட்டு, அதற்குப் பின் சுருதி ஒரு கணம் நின்று தேய்ந்தால் நல்ல ஸ்பீக்கர்.

அடுத்தது கடம். மண் பானையாகக் கேட்கிறதா, எவர்சில்வர் பாத்திரமாகக் கேட்கிறதா? இதைவிட எளிய ட்வீட்டர் சோதனை எனக்குத் தெரியாது. விக்கு விநாயக்ராம் வாசித்த தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதி) ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி, நகம், உள்ளங்கை மூன்றும் வெவ்வேறாகத் தெரிய வேண்டும்.

குரலுக்கு, 1993இல் வந்த திருடா திருடா படத்தின் 'ராசாத்தி'. ஷாகுல் ஹமீது பாடியது. வாத்தியமே கிடையாது, எல்லாமே மனிதக் குரல். பின்னால் வரும் குரல் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு கூழாகிறதா, பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். நிறைய வாத்தியம் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க இளையராஜாவின் 1986ஆம் வருட 'ஹவ் டு நேம் இட்'. அந்த வயலின் கூட்டம் ஒரே தகடாகக் கேட்டால் ஸ்பீக்கர் திணறுகிறது.

இட உணர்வுக்கு என்றால் நான் எப்போதும் எடுப்பது மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்'. 1993இல் வெளிவந்தது. கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்தில், ஒரே இடத்தில் நிறுத்திய மைக் ஜோடியால் அனலாக் டேப்பில் பதிவு செய்தார் கவி அலெக்சாண்டர். நம் பக்கத்து ஆள், இலங்கையில் பிறந்தவர். வாசித்தவர்கள் எப்படி உட்கார்ந்தார்களோ அப்படியே கேட்கும். தந்தி நின்ற பிறகு அந்தக் கட்டடத்தின் காற்றுகூடக் கேட்கும். சிஸ்டம் அதைக் காட்டுகிற அன்று எனக்கு போன் செய்ய வேண்டும் போலிருக்கும் உங்களுக்கு.

ஒன்று மறந்துவிட்டேன். இரண்டு சிஸ்டங்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகப் பாடுவது எப்போதும் நல்லதாகவே கேட்கும். விற்பவர்கள் அறிந்ததுதான் அது.

திருவான்மியூர்:

நான் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். பதிவைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா? மேடைக் கச்சேரிகளில் பலர் வீணையின் பலகையிலேயே ஒட்டுகிற காண்டாக்ட் மைக் வைக்கிறார்கள். அதிலிருந்து எடுத்த பதிவில் தந்தி மட்டும் கம்பியாக விறைக்கும், குடத்தின் மரம் கேட்காது. அதை வைத்து ஸ்பீக்கரைக் குறை சொன்னால் ஸ்பீக்கருக்குத்தான் அநியாயம். மீட்டும் நகம் தந்தியில் படும் சின்ன உரசலும், அதன் பின்னே மரத்தின் கனமும் சேர்ந்து கேட்கிற பதிவாகப் பாருங்கள்.

தம்புராவும் அப்படித்தான். இப்போது பல பதிவுகளில் எலெக்ட்ரானிக் பெட்டிதான் சுருதி போடுகிறது. அது எந்த ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி கேட்கும். நிஜத் தம்புரா இருக்கும் பழைய பதிவை எடுங்கள். பிரிட்ஜில் நூல் செருகி, ரீங்காரம் எழும்படி ஜீவா பிடித்த தம்புராவில், ஒரு தந்தியை மீட்டினால் மேல் சுரங்கள் ஒவ்வொன்றாகப் பூத்து எழும். பாட்டுக்கு நடுவிலும் நான்கு தந்திகளை உங்களால் எண்ண முடிந்தால் போதும். அதிகமாகச் சுருக்கிய, குறைந்த பிட்ரேட் எம்பி3யில் முதலில் சேதமாவது இதுதான். சிடியோ, அதற்கு நிகரான ஃபைலோ வைத்துக் கேளுங்கள்.

மேற்கு மாம்பலம்:

மேடம், சார், எல்லாவற்றையும் மூன்று நாளாகக் கேட்டேன். கடம் மண்ணாகவே இருக்கிறது. தம்புராவில் நான்கு தந்தியும் எண்ணினேன். ராசாத்தியில் இத்தனை குரல்கள் இருப்பது முப்பது வருடமாக எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு குறை. பாடகர் எம்.டி. ராமநாதன் எனக்கு உயிர். அவர் கீழே இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் குடத்துக்குள் பேசுகிற மாதிரி முழங்குகிறது. அதற்கு மேலும் கீழும் சரியாக இருக்கிறது. அதே இடத்தில் ஸ்டீல் பீரோவும் கூடவே அதிர்கிறது.

மயிலாப்பூர்:

அது ஸ்பீக்கர் இல்லை தம்பி, அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முட்டித் திரும்பும்போது சில அதிர்வெண்களில் தன்னோடு தானே சேர்ந்து பெருகும். கணக்கு எளிது: ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி போகிறது. அதைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால் வகுங்கள். பத்தடிக்கு 56 ஹெர்ட்ஸ் சொச்சம். அதன் இரட்டிப்பு 113. உங்கள் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி, அதனால் மூன்றும் ஒரே இடத்தில் குவிகிறது. 113 என்பது தாழ்ந்த ஆண் குரல் நடமாடும் இடம். எம்.டி.ஆர். போலக் குறைந்த சுருதியில் பாடியவர்கள் அபூர்வம். அதனால்தான் மற்ற பாடகர்களிடம் உங்களுக்கு அது தெரியவில்லை. அறையைச் சோதிக்க அவரைவிட நல்ல பதிவு கிடைக்காது.

ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள். நாற்காலியைப் பின்சுவரை ஒட்டிப் போடாதீர்கள்; அங்கேதான் முழக்கம் அதிகம். அறையின் நட்ட நடுவும் வேண்டாம். எம்.டி.ஆரைப் பாட விட்டு நாற்காலியை அரையடி அரையடியாக நகர்த்துங்கள். பீரோவின் காலுக்கு அடியில் ரப்பர் வையுங்கள், மேலே இருக்கும் பெட்டியை இறக்கிவிடுங்கள்.

மேற்கு மாம்பலம்:

கட்டிலைத் திருப்பிப் போட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் இரண்டரை அடி முன்னால் கொண்டுவந்த பிறகு முழக்கம் பெருமளவு அடங்கிவிட்டது. முழுக்கப் போகவில்லை, ஆனால் இப்போது எம்.டி.ஆர். இறங்கும்போது சுரம் கேட்கிறது, அறை கேட்கவில்லை. பீரோ மேலிருந்த பெட்டி பரணுக்குப் போய்விட்டது. இன்று சாயங்காலம் ரிச்சி தெருவுக்குப் போய், இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளத்தில், நடுவில் இணைப்பு இல்லாமல் புது ஒயர் வாங்கி வந்தேன். மாட்டும் முன் பேட்டரி வைத்து இரண்டு ஊஃபரும் முன்னால் வருவதைப் பார்த்துக்கொண்டேன்.