டெர்ரியர் எஞ்சினை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

லண்டனில் தினமும் வேலைக்கு ஓவர்கிரவுண்ட் ரயிலில்தான் போகிறேன். ராதர்ஹைத் தாண்டி வாப்பிங் வருவதற்குள் ரயில் தேம்ஸ் நதிக்கு அடியில் போகும். ப்ரூனெல், அப்பாவும் மகனும் சேர்ந்து கட்டிய சுரங்கம், 1843இல் நடந்துபோகிறவர்களுக்காகத் திறந்தது, 1869இல் ரயில் வந்தது. இத்தனை வருஷம் அதற்குள் போய்வந்தும் அங்கே கரி எஞ்சின்கள் ஓடின என்பது எனக்குத் தெரியாது, ஸ்டெப்னி என்ற டெர்ரியர் வகை நீராவி எஞ்சினைப் பார்க்கும்வரை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பழைய நீராவி எஞ்சின்களைப் பாதுகாத்து ஓட்டும் ப்ளூபெல் ரயில்வேக்குப் போயிருந்தோம். விக்டோரியாவில் ஏறி ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை சாதாரண ரயில், அங்கிருந்து 11 மைல் நீராவி ரயில். கடைசி நிலையமான ஷெஃபீல்ட் பார்க்கில், பெரிய கறுப்பு எஞ்சின்களுக்கு நடுவே கடுகு மஞ்சளில் ஒரு குட்டி நின்றது. அன்றைக்கு அதில் நெருப்பு மூட்டவில்லை, தொட்டால் இரும்பு சில்லென்று இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர்: ஸ்டெப்னி. அந்தப் பெயருள்ள லண்டன் பகுதி நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்! சக்கரம் 4 அடி, என் சின்ன மகள் பக்கத்தில் நின்றபோது இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். நான் அங்கிருந்து நகர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பிரைட்டன் ரயில் பட்டறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் ஸ்ட்ரவுட்லி 1872 முதல் 1880 வரை இந்த வகையில் 50 எஞ்சின்கள் கட்டினார். தெற்கு லண்டன் பாதையில் நிலையங்கள் நெருக்கம், தண்டவாளம் லேசானது, வளைவுகள் அதிகம். அதனால் 25 டன்னுக்கும் குறைவாக, நின்றவுடன் சட்டென்று கிளம்புகிற எஞ்சின் வேண்டியிருந்தது. கிளம்பும்போது புகைபோக்கியில் வரும் சத்தம் நாய் குரைப்பதுபோல இருந்ததால் டெர்ரியர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வாப்பிங், ஷாட்வெல், பாப்லர், ஃபென்சர்ச் என்று ஓடிய ஊர்களின் பெயரையே பலவற்றுக்கு வைத்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுரங்கத்துக்காகச் செய்த ஏற்பாடு. வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கி வழியாக விட்டால் சுரங்கம் மூடுபனியாகிவிடும், அதனால் அதைக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே திருப்பிவிட்டார்கள். சரி, அப்போது தண்ணீர் சூடாகிவிடுமே? நீராவியின் வேகத்தால் தண்ணீரைத் தள்ளும் கருவியான இன்ஜெக்டர், சூடான தண்ணீரை ஒழுங்காக பாய்லருக்குள் தள்ளாது. அதற்குத்தான் பிஸ்டனின் ஓட்டத்திலேயே இயங்கும் பம்ப் வைத்தார் ஸ்ட்ரவுட்லி. ஒரு சிக்கலைத் தீர்க்கப்போய் வந்த இன்னொரு சிக்கலையும் அதே எஞ்சினின் அசைவை வைத்தே தீர்த்திருக்கிறார், இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் ரயில்கள் கனமாயின, டெர்ரியர்களுக்கு வேலை குறைந்தது, சிலவற்றை விற்றார்கள், சிலவற்றை உடைத்தார்கள். ஆனால் எங்கெல்லாம் பாலம் பலவீனமோ, தண்டவாளம் மெலிசோ, அங்கெல்லாம் இதைத்தான் தேடி வாங்கினார்கள். 1911 முதல் புது பாய்லர் போட்டு ஓட்டினார்கள். ஸ்டெப்னியை 1960இல் இரண்டு பெட்டிகளோடு சேர்த்து 750 பவுண்டுக்கு ப்ளூபெல் சங்கத்தார் வாங்கியிருக்கிறார்கள். 50இல் 10 இன்றும் இருக்கின்றன. நீங்கள் யாராவது மற்றதைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

போர்ட்ஸ்மவுத்திலிருந்து:

அண்ணா, நான் பார்த்தது முதலில் எஞ்சினை இல்லை, அது ஓடிய பாலத்தின் மிச்சத்தை. ஹேவண்டிலிருந்து ஹேலிங் தீவுக்குப் போன கிளைப்பாதை லாங்ஸ்டனில் மரப்பாலத்தில் கடலைத் தாண்டும். அந்தப் பாலம் கனமான எஞ்சினைத் தாங்காது, அதனால் கடைசிவரை டெர்ரியர்தான். பாலத்தைச் சரிசெய்யப் பெரிய தொகை ஆகும் என்று 1963 நவம்பரில் பாதையை மூடிவிட்டார்கள். கடல் வற்றும் நேரத்தில் போனால் தூண்களின் அடி வரிசையாகத் தெரியும். பாதை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் ஓட்டலாம், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறேன்.

அந்தப் பாதையில் ஓடிய ஒன்றை 1966இல் ஒரு மதுபான நிறுவனம் வாங்கி, தீவில் இருந்த மதுக்கடை வாசலில் பெயர்ப்பலகைபோல நிறுத்திவைத்தது. 13 வருஷம் கடல்காற்றில் மழையில் நின்றது. 1979இல் வைட் தீவுக்குப் போய், 1981இல் மறுபடி நீராவியில் ஓடியது. அதுதான் ஃப்ரெஷ்வாட்டர். அந்தத் தீவின் ஹேவன்ஸ்ட்ரீட் நிலையத்தில் அது கிளம்புவதைக் கேட்டிருக்கிறேன். குரைப்பு என்பது சரியான வார்த்தைதான், சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு கூர்மையான சத்தம்.

மாண்ட்ரியலிலிருந்து:

இங்கேயும் ஒன்று இருக்கிறது. சான் கான்ஸ்டான்ட் ஊரில் எக்ஸ்போரெயில் அருங்காட்சியகம், அதில் வாடன். 1963இல் இங்கிலாந்திலிருந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். அதே அருங்காட்சியகத்தில் டொமினியன் ஆஃப் கனடா என்ற பிரிட்டிஷ் எக்ஸ்பிரஸ் எஞ்சினும் இருக்கிறது, கூட்டம் அதைப் பார்க்கத்தான் வரும். வாடன் முன்னால் யாருமே நிற்பதில்லை. நானும் போன தடவை இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டேன், இப்போது உங்கள் பதிவைப் படித்ததும் வருத்தமாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை போய், அந்த பம்ப் இன்னும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து எழுதுகிறேன்.

மீண்டும் லண்டனிலிருந்து:

தம்பி, கட்டாயம் பாருங்கள், படமும் போடுங்கள். ஹேவன்ஸ்ட்ரீட்டில் நியூபோர்ட் என்ற பெயரில் நிற்பது 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப்பதக்கம் வாங்கிய டெர்ரியராம், அப்போது அதன் பெயர் பிரைட்டன். பள்ளி விடுமுறைக்கு வைட் தீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மகள் இந்த முறையும் சக்கரத்துப் பக்கத்தில் நின்று பார்ப்பாளாம், வளர்ந்துவிட்டாள்.