தனியார் கம்பெனியில் பார்வைக் குறைபாட்டுக்கு வசதி கேட்டால் மறுக்கலாமா?

கோவைக்காரன்:
தம்பி ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. 60 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய், யூடிஐடி கார்டில் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) குறைபாடு 45 சதவீதம். நைட் ஷிஃப்ட் வேண்டாம், கம்ப்யூட்டரில் என்விடிஏ (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் சாஃப்ட்வேர்) போட அனுமதியுங்கள் என்று வாய்மொழியாகக் கேட்டான். "அதெல்லாம் கவர்மென்ட் வேலைக்குத்தான்" என்கிறார் எச்ஆர். அப்படியா?

தராசு:
பாதிதான் சரி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20வது பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் 21வது பிரிவு தனியாருக்கும் உண்டு. சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி, மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிய வேண்டும். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், உதவிக் கருவி, சிறப்பு விடுப்பு, இடமாற்றத்தில் முன்னுரிமை எல்லாம் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும், மாற்றுத்திறனாளி ஊழியர்களின் விஷயங்களைக் கவனிக்கும் லயசன் ஆபீசரும் வேண்டும் என்கிறது 2017 விதிகளின் 8வது விதி.

அதனால் முதல் மெயிலில் சண்டை வேண்டாம். "நம் கம்பெனியின் சமவாய்ப்புக் கொள்கை நகலும் லயசன் ஆபீசர் பெயரும் தாருங்கள்" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதுவே சான்று. சட்டத்தை மீறினால் 89வது பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

மீனாட்சி:
இரண்டாவது மெயிலில் கோரிக்கை. நோயின் பெயரை விட, வேலையில் எது முடியவில்லை என்பதுதான் அதில் முக்கியம். இந்த நோயில் பலருக்கு நேர்ப்பார்வை ஓரளவு நன்றாக இருக்கும், பக்கப்பார்வை சுருங்கிவிடும், இருட்டில் தெரியாது. இது புரியாமல் பெரிய எழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பார்வைப் பரப்பு சுருங்கியவருக்கு எழுத்து பெரிதாகப் பெரிதாக ஒரே நேரத்தில் கண்ணில் படும் எழுத்துகள் குறையும், படிப்பது இன்னும் மெதுவாகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, கண் கூசாத இருக்கை, இருட்டுவதற்குள் முடியும் ஷிஃப்ட் என்று கண் டாக்டரிடம் குறிப்பாக எழுதி வாங்குங்கள். "லேசான வேலை கொடுக்கவும்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை, அதையே காட்டி ஓரங்கட்டுவார்கள்.

விசைப்பலகை:
என்விடிஏ இலவசம், செலவு என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் ஒரு சிக்கல் வரும். அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓடினால், அதாவது வேறொரு சர்வரில் ஓடி திரை மட்டும் இங்கே தெரிந்தால், தம்பியின் கம்ப்யூட்டரில் மட்டும் என்விடிஏ இருந்தால் போதாது. அந்தத் திரை அதற்கு வெறும் படம், எதையும் வாசிக்காது. சர்வர் பக்கமும் நிறுவ வேண்டும் என்று கோரிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் "போட்டுக் கொடுத்தோம், அவருக்கு வேலை ஓடவில்லை" என்று பதிவு செய்துவிடுவார்கள். அதுவரை விண்டோஸ் மேக்னிஃபையரைத் திறந்து கண்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிறம் தலைகீழாகும். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கோவைக்காரன்:
நன்றிங்க. மெயிலுக்குப் பதிலே வராவிட்டால்?

தராசு:
மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் 80வது பிரிவின் கீழ் மனு. இரண்டு மெயில், டாக்டர் கடிதம், யூடிஐடி நகல் இணைக்கவும். விசாரணைக்கு ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்க சிவில் நீதிமன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை, கோர்ட் தீர்ப்பு அல்ல. இதற்கிடையில் "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், செட்டில்மென்ட் பார்த்துக்கொள்ளலாம்" என்று தம்பியிடம் நயமாகப் பேசுவார்கள். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.